கோடம்பாக்கத்துக்கு ரூம் தேடி வர்றீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்!

விடிகாலை ஐந்தரை மணி. எக்மோர் ஸ்டேஷன். ஒரு தோளில் பை, கையில் சூட்கேஸ், அதற்குள் அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை காலியான டிபன் பாக்ஸ், பாக்கெட்டில் நாலாக மடித்த ஆஃபர் லெட்டர். 'கோடம்பாக்கத்துல என் ஃப்ரெண்டோட ஃப்ரெண்டு ரூம் இருக்கு மச்சி, ஒரு வாரம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்று ஊரில் யாரோ சொன்ன ஒற்றை வார்த்தை. அதை நம்பி மின்சார ரயில் ஏறுகிறீர்கள். சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம்... மூணாவது ஸ்டேஷன் கோடம்பாக்கம்.

இறங்கியாச்சு. அப்புறம்?

அந்த 'ஒரு வாரம்' முடியறதுக்குள்ள உங்களுக்குன்னு ஒரு இடம் பிடிச்சாகணும். அவசரத்துல பிடிக்கிற இடம்தான் அடுத்த ஒரு வருஷம் உங்க தூக்கத்தையும் பர்ஸையும் தீர்மானிக்கும். அதனால ஊர்ல இருக்கும்போதே, பேக்கிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, இதைப் படிச்சிடுங்க.

(பஸ்ஸில் வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை: தென் மாவட்டத்து பஸ்கள் இப்போ கோயம்பேடு வரைக்கும் வராது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தாச்சு. அங்கிருந்து கோடம்பாக்கம் 25 கிலோமீட்டருக்கு மேல. ஆட்டோ பேரம் பேசி மாட்டிக்காதீங்க. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ பீச் போகிற மின்சார ரயிலைப் பிடிச்சா நேரா கோடம்பாக்கம்!)

எது கோடம்பாக்கம்?

சிரிக்காதீங்க. இது சீரியஸான கேள்வி. மாநகராட்சிக் கணக்குல 'கோடம்பாக்கம் மண்டலம்'னு ஒண்ணு இருக்கு. மண்டலம் 10. தி.நகர், வடபழனி, அசோக் நகர், கே.கே.நகர் எல்லாம் அதுக்குள்ள வந்துடும். சினிமாக்காரங்க சொல்ற கோடம்பாக்கம் சாலிகிராமம் வரைக்கும் நீளும். புரோக்கர் சொல்ற கோடம்பாக்கத்துக்கோ எல்லையே கிடையாது! 'ஸ்டேஷன்ல இருந்து நடந்து போற தூரம் சார்' என்பார். நடக்கலாம்தான், முக்கால் மணி நேரம்!

இதுக்கு ஒரு ஈஸி வழி, பின்கோடு கேளுங்க. 600024 என்றால் கோடம்பாக்கம். 26 வடபழனி, 33 மேற்கு மாம்பலம், 93 சாலிகிராமம், 94 சூளைமேடு. அதில் எதுவும் மோசமான ஏரியா இல்லை. ஆனா கோடம்பாக்கம் வாடகையைக் கொடுத்துட்டு சாலிகிராமத்துல தூங்க வேண்டாமே!

அட்ரஸில் 'பழைய எண்', 'புதிய எண்' என்று இரண்டு நம்பர் இருக்கும். இரண்டையும் குறிச்சுக்கோங்க. ஒரே தெருவில் பழைய 12-ம் புதிய 12-ம் வேற வேற வீடு. சாப்பாடு டெலிவரியில் ஆரம்பிச்சு பேங்க் கார்டு வரைக்கும் இதில்தான் சிக்கும்.

வழி கேட்டா லேண்ட்மார்க்தான் சொல்வாங்க. 'லிபர்ட்டில இறங்கு', 'பவர் ஹவுஸ்ல இறங்கு' என்பார்கள். லிபர்ட்டி தியேட்டரைத் தேடி அலையாதீங்க. தியேட்டரை எப்பவோ இடிச்சாச்சு. பேர் மட்டும் பஸ் ஸ்டாப்பா உயிரோட இருக்கு!

ஏரியாவைப் புரிஞ்சுக்க ஒரே ஒரு விஷயம் போதும். ரயில்வே லைன் நடுவுல ஓடுது. அதுக்கு மேல 1960-களில் கட்டின மேம்பாலம். உங்க ஆபீஸ் நுங்கம்பாக்கம் பக்கமா, வடபழனி பக்கமா என்று பாருங்க. தப்பான பக்கத்தில் வீடு எடுத்தால் தினமும் காலையில் அந்தப் பாலத்து டிராஃபிக்கில் நின்னு தவம் பண்ணணும்.

கையில் எவ்வளவு இருக்கணும்?

எல்லாரும் வாடகையைத்தான் கேட்பாங்க. கேட்க வேண்டியது, வீட்டுக்குள்ள கால் வைக்கிற அன்னைக்கு மொத்தமா எவ்வளவு எண்ணி வைக்கணும் என்பதைத்தான்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மாச வாடகை 12,000 ரூபாய் வீடு. மூணு பேர் சேர்ந்து எடுக்கறீங்க. ஓனர் ஐந்து மாச அட்வான்ஸ் கேட்கிறார்: 60,000. முதல் மாச வாடகை 12,000. புரோக்கருக்கு ஒரு மாச வாடகை: இன்னொரு 12,000. ஆக 84,000. ஆளுக்கு 28,000. பாய், பக்கெட், கேஸ் அடுப்பு இதெல்லாம் இந்தக் கணக்கில் இல்லை.

இப்போ காலண்டரைப் பாருங்க. முதல் சம்பளம் மாசக் கடைசியில்தான் வரும். மாச நடுவுல, இல்ல கடைசியில சேர்ந்தா, சில கம்பெனிகளில் அடுத்த மாசச் சம்பளத்தோட சேர்த்துத்தான் போடுவாங்க. அதுவரைக்கும் சாப்பாடு, டிரெயின் பாஸ், போன் ரீசார்ஜ் எல்லாம் எங்கிருந்து? 'எப்போ சம்பளம் கிரெடிட் ஆகும்?' என்று சேர்றதுக்கு முன்னாடியே ஹெச்.ஆர்.கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அதுல வெட்கமே கிடையாது.

உங்களில் பல பேருக்கு இந்த 28,000 எங்கேயிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். அம்மா கையில் இருந்த ரெண்டு வளையல் இப்போ இல்லை. அப்பா 'அது கிடக்கட்டும், நீ கிளம்பு' என்றிருப்பார். அதனால்தான் இந்தக் கட்டுரையே. அது அட்வான்ஸ் இல்லை ஃப்ரெண்ட்ஸ், ஒரு வீட்டோட சேமிப்பு. அதை யாருக்கும் சும்மா தூக்கிக் கொடுக்காதீங்க.

டோக்கன் அட்வான்ஸ் என்னும் தூண்டில்!

சொந்தக் கதை. நான் வந்த புதுசுல ஒரு புரோக்கர் மாடி ரூம் ஒண்ணு காட்டினார். காற்று, வெளிச்சம், ஜன்னலைத் திறந்தா வேப்பமரம். 'சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வருது தம்பி. டோக்கன் போட்டு வெச்சிடுங்க' என்றார். 5,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். ரசீது? 'நமக்குள்ள என்ன தம்பி ரசீது!' மறுநாள் பெட்டியோட போனால், வாசலில் என்னை மாதிரியே பெட்டியோட இன்னும் ரெண்டு பேர்! மூணு பேரும் அதே ரூமுக்கு டோக்கன் கொடுத்தவர்கள். வீட்டு ஓனரம்மாவுக்கு எங்க மூணு பேரையும் தெரியாது, அந்த புரோக்கரையும் தெரியாது. 'சாவியைப் பக்கத்து கடைல குடுத்து வெச்சிருந்தேன், யாரோ வாங்கிட்டுப் போனாங்க' என்றார். கடைசியில் நாங்க மூணு பேரும் சேர்ந்தே ஒரு வீடு எடுத்தோம். அது வேற கதை!

பாடம் சிம்பிள். ஓனரை நேரில் பார்க்காமல், அவர் பேரில் கரண்ட் பில்லோ சொத்து வரி ரசீதோ பார்க்காமல், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க. கொடுத்தா ஓனர் அக்கவுன்ட்டுக்கே அனுப்புங்க. அதுதான் சாட்சி.

இப்போ இதுக்கு ஆன்லைன் வெர்ஷனும் வந்தாச்சு. நெட்டில் அழகான வீட்டு போட்டோ, நம்ப முடியாத கம்மி வாடகை. போன் பண்ணா, 'நான் ராணுவத்துல இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிட்டேன், நேர்ல காட்ட முடியாது. கோடு அனுப்பறேன், ஸ்கேன் பண்ணுங்க' என்பார் ஹிந்தியில். பணம் 'வாங்க' க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணவோ, பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. பின் போட்டா, போறது உங்க காசு! ஏமாந்துட்டீங்கன்னா அழுதுட்டு உட்காராம உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. சைபர் மோசடிக்கான தேசிய ஹெல்ப்லைன். எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்கிப் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

சட்டம் உங்க பக்கமும் இருக்கு

'பதினோரு மாச அக்ரிமென்ட்' என்று கேள்விப்பட்டிருப்பீங்க. அது என்ன பதினோரு? 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு பண்ணணும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் ஒரு மாசத்தைக் கிள்ளி எடுத்தாங்க.

ஆனா தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து புது வாடகைச் சட்டம் அமலில் இருக்கு. 2017-ல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதிவாகணும். அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல் போகக் கூடாது. இங்கே ஒரு 'ஆனா' இருக்கு. வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் தவிர, என்று சட்டத்திலேயே ஒரு வாசகம் உண்டு. அதாவது பத்து மாச அட்வான்ஸுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் வாதாடுறது கஷ்டம். ஸோ, பேரம் பேசற நேரம் கையெழுத்துக்கு முன்னாடிதான்!

அதே சட்டத்தில் நம்ம மாதிரி ஆளுங்களுக்குத் தெரிய வேண்டிய இன்னொரு விஷயம்: சண்டை வந்தா தண்ணியையோ கரண்ட்டையோ ஓனர் நிறுத்த முடியாது. காலி பண்ண வைக்கணும்னா அதுக்கு வாடகை நீதிமன்றம் இருக்கு. 'நைட்டுக்குள்ள காலி பண்ணு' என்பதெல்லாம் செல்லாது.

அக்ரிமென்ட்டில் நாலே நாலு விஷயம் எழுத்தில் இருக்கா என்று பாருங்க. அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை நாளில் திருப்பித் தருவார். காலி பண்ணும்போது பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார். காலி பண்ண எத்தனை மாசம் முன்னாடி சொல்லணும். கரண்ட்டுக்கு யூனிட் எவ்வளவு. பெட்டியை வைக்கிறதுக்கு முன்னாடியே சுவர், குழாய், சுவிட்ச், பாத்ரூம் கதவு எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைங்க. ஒரு வருஷம் கழிச்சு 'இந்த விரிசல் நீங்க பண்ணினதுதானே?' என்று கேட்டா அப்போ உதவும்.

ஆதார் காப்பி கேட்டா முழு நம்பர் தெரியாத, மறைத்த ஆதாரை டவுன்லோடு பண்ணிக் கொடுக்கலாம்.

தண்ணி, கரண்ட், மழை

வீடு பார்க்கப் போனா ஹாலைப் பார்க்காதீங்க. குழாயைத் திறங்க! ஒரு வாய் கொப்பளிச்சுப் பாருங்க. உப்பா இருந்தா போர் தண்ணி. குடிக்க, சமைக்க கேன் தண்ணி வாங்கணும். மெட்ரோ வாட்டர் வருதா, சம்ப் இருக்கா, மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவாங்க? இதை ஓனர்கிட்ட கேட்டா 'தண்ணி பிரச்னையே கிடையாது' என்பார். எதிர் வீட்டு ஆன்ட்டிகிட்ட கேளுங்க, உண்மை வரும். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, குடத்தோட தெருவில் நின்ன ஊர் இது.

அதே ஊர் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வெள்ளத்தில் நின்னுது. அதனால தரைத்தளம் வாடகை கம்மியா இருந்தா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி, 'மிக்ஜாம் அப்போ தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?' என்று கேளுங்க. சுவரில் கை வெச்சுக் காட்டுவாங்க. பெரிய மழைன்னா ரங்கராஜபுரம் சப்வே பெயர் செய்தியில் வந்துடும். அந்த வழியாத்தான் ஆபீஸ் போகணும்னா மாற்று வழி ஒண்ணு தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

கரண்ட்: வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். உங்க போர்ஷனுக்குத் தனி இணைப்பு இருந்தா அது உங்களுக்குக் கிடைக்கும். ஓனர் மீட்டரிலிருந்து சப் மீட்டர் போட்டிருந்தா அவர் சொல்ற யூனிட் ரேட்தான். நாலு பேர் ஏ.சி. போட்டுத் தூங்கற ரூமில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

'நீங்க என்ன ஆளுங்க?'

இதை எந்த டிப்ஸ் கட்டுரையும் சொல்லாது. நாம சொல்லிடுவோம்.

'தம்பி எந்த ஊரு?' முதல் கேள்வி. 'அப்பா என்ன பண்றார்?' ரெண்டாவது. மூணாவது கேள்விக்கு முன்னாடி ஒரு சின்ன இடைவெளி விழும். 'நீங்க... என்ன ஆளுங்க?' சில இடத்தில் இதே கேள்வி 'வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?' என்று வேஷம் போட்டு வரும். பேரைக் கேட்டதும் 'வீடு இப்பதான் முடிஞ்சது' என்று சொல்ற வாசல்களும் உண்டு. 'பேச்சுலர்ஸுக்கு இல்லை' என்பது போர்டிலேயே தொங்கும்.

முதல் தடவை கேட்கும்போது முகத்தில் அறைஞ்ச மாதிரி இருக்கும். ஏதோ உங்ககிட்டதான் குறை என்று தோணும். இல்லை. அந்தக் கேள்விதான் அசிங்கம், நீங்க இல்லை. பொய் சொல்லி உள்ளே போய், தினம் பயந்து பயந்து மீன் பொரிக்கிற வாழ்க்கை வேண்டாம். அடுத்த தெருவுக்குப் போங்க. கோடம்பாக்கம் பல ஊர்க்காரர்கள், பல மொழிக்காரர்கள் நிரம்பின ஏரியா. உங்க சம்பளத் தேதியை மட்டும் கேட்கிற ஓனர்களும் இங்கே இருக்காங்க. தேடக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும், அவ்வளவுதான். அந்த நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கிட்டு வாங்க.

தோழிகளுக்கு...

லேடீஸ் ஹாஸ்டல் என்று போர்டு இருந்தா மட்டும் போதாது. 2014-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி பெண்கள் விடுதிகள் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கணும். 'லைசென்ஸ் இருக்கா?' என்று கேளுங்க. கேள்வியைக் கேட்டதும் வார்டன் முகம் எப்படி மாறுது என்பதிலேயே பாதி பதில் கிடைச்சிடும். கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க, நைட் ஷிப்ட்னா என்ன பண்ணுவாங்க, ஸ்டேஷனிலிருந்து ஹாஸ்டல் வரைக்கும் தெரு விளக்கு எரியுதா? கடைசிக் கேள்விக்கு விடை பகலில் தெரியாது. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை நடந்து பார்த்துட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசே நடத்தும் 'தோழி' விடுதிகளும் இருக்கு, விசாரிங்க. சாதாரணக் கட்டண மாநகர பஸ்ஸில் 2021 மே மாசத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பட்ஜெட்டில் பெரிய ஆறுதல். 181 பெண்கள் உதவி எண். 112 அவசர எண். ரெண்டையும் இப்பவே போனில் ஏத்திடுங்க.

வயிறும் வழியும்

மாசக் கடைசியில் பர்ஸ் காலியா? 2013-ல் ஆரம்பிச்ச அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூணு ரூபாய். வரிசையில் நிற்க வெட்கப்படாதீங்க. உங்க முன்னாடி நிற்கிறவர் உதவி இயக்குநரா இருக்கலாம், பின்னாடி நிற்கிறவர் உங்க டீம் லீடரா இருக்கலாம்!

போக்குவரத்துக்கு மின்சார ரயில் சீசன் டிக்கெட்தான் ராஜா. மெட்ரோவுக்கு வடபழனி. கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி மெட்ரோ வழித்தடமும் கோடம்பாக்கம் வழியாத்தான் போடுறாங்க. பஸ் என்றால் 12-பி. வடபழனிப் பக்கமிருந்து கோடம்பாக்கம், பனகல் பார்க், மயிலாப்பூர் என்று கடற்கரையை நோக்கி ஓடிய ரூட். 2001-ல் இந்த நம்பரிலேயே ஒரு படம் வந்தது. பஸ்ஸைப் பிடிச்சா ஒரு வாழ்க்கை, விட்டா இன்னொரு வாழ்க்கை என்று கதை. நிஜத்தில் அவ்வளவு பயம் வேண்டாம். ஒண்ணை விட்டா அடுத்தது வரும்!

சினிமா கனவோட வர்றவங்களுக்கு...

கோடம்பாக்கம் என்று எழுதிட்டு இதைச் சொல்லாம முடிக்க முடியாது. 1948-ல் காரைக்குடியிலிருந்து ஏ.வி.எம். இங்கே வந்தது. பிரம்மாண்டமான விஜயா - வாஹினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் இன்னைக்கு ஆஸ்பத்திரியும் ஷாப்பிங் மாலும் இருக்கு. ஸ்டுடியோ வாசலில் நின்னா வாய்ப்பு கிடைச்ச காலம் முடிஞ்சு போச்சு.

ஆனா வாய்ப்பு வாங்கித் தர்றேன் என்று சொல்ற ஆட்கள் மட்டும் குறையவே இல்லை. ஆடிஷன் ஃபீஸ், போட்டோ ஷூட் செலவு, கார்டு வாங்கித் தர லட்சம்... இந்த வார்த்தைகள் காதில் விழுந்தா எழுந்து வந்துடுங்க. உங்களை நடிக்க வைக்க நினைக்கிறவர் உங்களுக்குச் சம்பளம் கொடுப்பார். உங்களிடம் வாங்க மாட்டார். முறையா கத்துக்கணும்னா தரமணியில் அரசு திரைப்படக் கல்லூரி இருக்கு. கையில் ஒரு வேலையை வெச்சுக்கிட்டே முயற்சி பண்ணுங்க. தாராபுரத்து நாகேஷ் ரயில்வேயில் வேலை பார்த்துக்கிட்டேதான் நாடகம் போட்டார். அவரும் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த வாலியும் தி.நகரில் ஒரே இடத்தில் தங்கிக் கஷ்டத்தைப் பங்கு போட்டுக்கிட்டவங்க. ரூம் மேட்டை நல்லா பார்த்துக்கோங்க பாஸ், நாளைக்கு யார் யாராவாங்களோ!

மூணு மாச ரூல்

முதல் மாசம் எல்லாம் புதுசு. ரெண்டாவது மாசம்தான் கஷ்டம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரூம்ல எல்லாரும் ஊருக்குப் போயிருப்பாங்க. ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். அம்மா போன் பண்ணி 'சாப்டியாப்பா?' என்பாங்க. பன்னும் டீயும் மட்டும் உள்ளே போன வயித்தோட 'சாப்டேம்மா, சிக்கன்' என்பீங்க. எல்லாரும் சொன்ன பொய்தான் அது.

அந்த ஞாயித்துக்கிழமைகளுக்கு ஒரு பிளான் வேணும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் போய் ஏ.சி.யில் உட்கார்ந்து படிக்கலாம், காசே கிடையாது. மெரினா இருக்கு. தெருமுனை டீக்கடை அண்ணனிடம் பெயர் சொல்லி அறிமுகம் ஆகுங்க. ராத்திரி காய்ச்சல் வந்தா அந்த ஒருத்தர் போதும். மனசு ரொம்பக் கனமா இருந்து, தூக்கமே இல்லைன்னா 14416-க்குப் பேசுங்க. அரசு மனநல உதவி எண், இலவசம்.

மூணு மாசம் வரைக்கும் எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீங்க. வேலையை விடறதோ, பைக் லோன் போடறதோ, ஊருக்கே திரும்பிடறதோ, எதுவா இருந்தாலும் மூணாவது மாசம் முடியட்டும். அப்புறமும் ஒத்து வரலையா? தாராளமா திரும்பிப் போங்க. டிக்கெட் காசை மட்டும் யாருக்கும் கடன் கொடுக்காம தனியா எடுத்து வைங்க. திரும்பிப் போறது தோல்வி இல்லை. திரும்பிப் போகக் காசில்லாம மாட்டிக்கிறதுதான் கொடுமை.

ஒத்து வந்துடுச்சா? அடுத்த வருஷம் ஊர்லேருந்து ஒரு பையன் போன் பண்ணுவான். 'அண்ணே, ஒரு வாரம் உங்க ரூம்ல தங்கிக்கலாமா?' என்பான்.

சரின்னு சொல்லுங்க. எக்மோருக்கு விடிகாலை ஐந்தரைக்கு நீங்களே போய் நில்லுங்க.